‘அப்டேட்’ பண்ணினேன், போன் ஸ்டக் ஆகுது

எமது வீடுகளில் உள்ள ஸ்மார்ட் போன்களில் பெட்டி பிரிக்காமல் புதிதாக வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கனடாவில் உள்ள அக்காவின் மகன் பாவித்து விட்டுக் கொடுத்தது, கட்டார் போன கணவர் இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பியது, ரவுண் கடையில் ‘செகண்ட் ஹேண்ட்’ ஆக வாங்கியது என்பவைதான் அதிகம். அந்த ஒரு போனில்தான் வீட்டின் முழுப் பாரமும் இருக்கிறது. பிள்ளையின் பாடக் குறிப்புகள், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. இலக்கம், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு, காணாமற்போனவரின் படம் எல்லாம் அதற்குள்தான். எனவே ஒரு நாள் காலையில் ‘புதிய மென்பொருள் தயார்’ என்று ஓர் அறிவித்தல் வந்து, அதை அமுக்கிய பின் போன் மெதுவாகி, சூடேறி, வட்ஸ்அப் திறக்க மறுத்தால் அது சிறிய விடயம் அல்ல.

சமூகப் பணியாளராக நான் போகும் இடங்களில் ஒன்று மாத்தளை மாவட்டத்தின் பல்லேகம. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், களு கங்கை ஓடும் பக்கத்தில் உள்ள ஊர். மொரகஹகந்த – களு கங்கை நீர்த்தேக்கத் திட்டத்தினால் பழைய நகரம் நீருக்குள் போக, அங்கிருந்த மக்கள் புதிய லக்கல நகருக்கும் குடியேற்றங்களுக்கும் மாறினார்கள். களு கங்கை அணையில் 2018 இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். வீட்டையும் விகாரைக்குப் போகும் பாதையையும் ஒரே தடவையில் இழந்தவர்கள் இவர்கள். அநேகர் சிங்களப் பெண்கள். யுத்தத்தில் மகனையோ கணவரையோ இழந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

அங்கு மாதம் ஒரு முறை கூடும் பெண்கள் வட்டத்தில் கடன், பிள்ளைகள், யானை என்று பேச்சு போய், கடைசியில் போனில் வந்து நிற்கும். மலை மறைப்பதால் சிக்னல் வந்து வந்து போகும் இடம் அது. பெரிய அப்டேட் ஒன்று பாதியில் அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் போன்களும் உண்டு. ஒரு பெரிய அப்டேட் ஒன்று, இரண்டு ஜி.பி. வரை டேட்டாவை விழுங்கக்கூடியது. ரீலோட் போட்டுப் பாவிப்பவருக்கு அது அரைவாசி மாதத்துப் பொதி.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு தாய் என்னைத் ‘துவே’, அதாவது மகளே, என்றுதான் அழைப்பார். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்து 2008 இல் மன்னாரில் இறந்தவர். இதை வாசிக்கும் சில சகோதரிகளுக்கு இது வேறு விதமாக வலிக்கலாம் என்பதை நான் அறிவேன். வீடு மாறும்போது மகனின் அல்பம் நனைந்து கெட்டுப்போனது. மூத்த மகள் முன்பே போனில் பிடித்து வைத்திருந்த பிரதிதான் மிச்சம். அந்தப் போன் அப்டேட்டுக்குப் பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக அணைந்து எழுந்தது. கொண்டு போன கடையில், “ரீசெட் அடித்தால் சரி, எல்லாம் அழியும்” என்றார்கள். ‘எல்லாம்’ என்பதன் பொருளை அவர் கடைவாசலில்தான் விளங்கிக் கொண்டார். போனைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: போனை சார்ஜில் வைத்தபடியே படங்களை மெமரி கார்டுக்கு மாற்றினோம். மகனின் படத்தை மகளுக்கும் மருமகளுக்கும் அனுப்பினோம். ஒரு பிரதியை மாத்தளையில் உள்ள ஸ்ரூடியோவில் கடதாசியில் அடித்தோம். அதன் பின்பே ரீசெட் செய்தோம். போன் இப்போது ஓரளவு வேலை செய்கிறது.

இந்தத் தாய் மட்டுமல்ல, வன்னியிலும் மலையகத்திலும் நான் சந்தித்த பெண்கள் பலரும் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “நான் எதையோ பிழையா அமத்திப் போட்டன்.” பட்டதாரி ஆண் ஒருவருடைய போன் ஸ்டக் ஆனால் அவர் கம்பனியைத் திட்டுகிறார். பெண்ணுடைய போன் ஸ்டக் ஆனால் அவள் தன்னைத் திட்டுகிறாள், வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்து திட்டுகிறார்கள். சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இது போனைவிடப் பெரிய பழுதாகத் தெரிகிறது.

உண்மையில் உலகின் மிகப் பெரிய கம்பனிகளே இந்த விடயத்தில் பிடிபட்டிருக்கின்றன. அப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் ஐபோன்களுக்கு ஒரு மென்பொருளை அனுப்பியது. பற்றரி முதுமையடைந்த போன் திடீரென அணைந்து விடாதிருக்க, அதன் வேகத்தை அந்த மென்பொருள் இரகசியமாகக் குறைத்தது. பாவனையாளருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களும் உண்டு. 2017 டிசம்பரில் வேகச் சோதனை செய்பவர்கள் கணக்கோடு வெளிப்படுத்திய பின்பே நிறுவனம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 29 டொலராகக் குறைத்தது. 2020 இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பாவனையாளர்கள் தொடுத்த வழக்கில் 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க அப்பிள் இணங்கியது.

இத்தாலியின் போட்டி ஆணைக்குழு 2018 ஒக்டோபரில் அப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சங் நிறுவனத்துக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங்கின் குற்றம் நமக்கு நன்கு விளங்கக்கூடியது: புதிய நோட் 7 போனுக்காக ஆயத்தம் செய்த மென்பொருளை, பழைய நோட் 4 வைத்திருப்பவர்களுக்கும் போடும்படி தூண்டியது. பழைய போன் அதைத் தாங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் நெல் மூட்டையை வைப்பது போன்றது இது. 2025 ஜனவரியிலும் கூகுளின் பிக்சல் 4ஏ போனுக்குத் தானாகவே இறங்கிய அப்டேட் ஒன்று பற்றரியின் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. சில நாடுகளில் இலவசப் பற்றரியோ 50 டொலரோ கொடுத்தார்கள். இந்த நட்ட ஈடுகளில் ஒரு சதமும் பல்லேகமவுக்கோ முல்லைத்தீவுக்கோ வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எல்லா மெதுவும் ஏமாற்று அல்ல. பெரிய அப்டேட்டுக்குப் பின் முதல் ஓரிரு நாட்களுக்குப் போன் உள்ளே செயலிகளையும் படங்களையும் மீண்டும் ஒழுங்குபடுத்திக் கொண்டிருக்கும். அப்போது சூடேறும், பற்றரி விரைவில் இறங்கும். இரவு சார்ஜில் விட்டால் அநேகமாகத் தணிந்துவிடும். அடுத்தது இடம். போனின் நினைவகம் நிரம்பி வழிந்தால் அது மூச்சு விட முடியாமல் திணறும். எங்கள் போன்களை நிரப்புவது எது என்று பார்த்தால், ‘காலை வணக்கம்’ பூப்படங்களும் கோயில் திருவிழா வீடியோக்களும்தான்! வட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகம்’ என்ற இடத்துக்குப் போனால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். வேண்டாதவற்றை அங்கேயே அழிக்கலாம். படங்கள் தாமாக இறங்குவதையும் நிறுத்தி வைக்கலாம். ஒரு சகோதரியின் போனில் இப்படிச் செய்ததும் ஆறு ஜி.பி. இடம் கிடைத்தது. அவர் புதுப் போனுக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார்.

சில நேரம் பழுது உங்கள் போனில் இருப்பதே இல்லை. 2021 மார்ச் மாதத்தில் உலகெங்கும் அன்ட்ரொயிட் போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. கூகுள் அனுப்பிய ஒரு சிறு துணை மென்பொருளின் பிழை அது. திருத்தத்தையும் அவர்களே விரைவில் அனுப்பினார்கள். ஆகவே அப்டேட்டுக்கு அடுத்த நாளே ரிப்பெயர் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அயலில் இருவரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் அதே கதை என்றால் இரண்டு நாள் பொறுங்கள்.

“அப்படியானால் அப்டேட்டே செய்யாமல் விட்டால் என்ன?” என்று பலர் கேட்கிறார்கள். அதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆரம்பகால அன்ட்ரொயிட் போன்களில் தமிழ் எழுத்துகள் வெறும் பெட்டிகளாகத் தெரிந்ததை நினைவிருக்கிறதா? பின்னர் வந்த பதிப்புகள்தான் எமக்கு எமது எழுத்தைத் தந்தன. அதைவிட முக்கியமாக, திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பவை பாதுகாப்பு அப்டேட்கள். வங்கி இலக்கம் உள்ள போனுக்கு அவை கட்டாயம் தேவை. 2025 ஜனவரி முதல் அன்ட்ரொயிட் 5.0 க்கு முந்திய போன்களில் வட்ஸ்அப் வேலை செய்யாது என்றாகிவிட்டது. வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் குரலை அதிலேயே கேட்கும் தாய்க்கு அது கதவை அடைத்தது போல.

ஆனால் அப்டேட் வரும் வழி ஒன்றுதான்: போனின் ‘அமைப்புகள்’ பகுதியும் பிளே ஸ்ரோரும். குறுஞ்செய்தியிலோ வட்ஸ்அப்பிலோ “இதை அமுக்கி அப்டேட் செய்யுங்கள்” என்று வரும் இணைப்பு எதுவாக இருந்தாலும் தொட வேண்டாம். செய்வதற்கு முன் படங்களை வேறொரு இடத்துக்கு மாற்றுங்கள். பற்றரி பாதிக்கு மேல் இருக்கட்டும். டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, வை-பை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கொண்டு கொடுங்கள். கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டாம், பக்கத்தில் இருந்து பாருங்கள். உங்கள் படங்கள் உங்களுடையவை. “ரீசெட்” என்று சொன்னால், என்ன அழியும் என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.

புதுப் போனுக்குப் பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாடு நிற்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாதிரியின் விற்பனையை நிறுத்திய பின்னும் ஐந்து வருடத்துக்குக் கம்பனி அப்டேட் கொடுக்க வேண்டும். அங்கிருந்து உறவினர் போன் அனுப்புவதாக இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

‘செகண்ட் ஹேண்ட்’ வாங்குபவர்கள் கடையிலேயே ஒன்றைப் பார்க்கலாம். அமைப்புகளில் ‘தொலைபேசி பற்றி’ என்ற பகுதியில், சில போன்களில் அதற்குள் உள்ள அன்ட்ரொயிட் பதிப்பு என்ற இடத்தில், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்துக்கு உரியது என்று இருக்கும். அது இரண்டு, மூன்று வருடம் பழையது என்றால் கம்பனி அந்தப் போனைக் கைவிட்டிருக்கக் கூடும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள், அல்லது வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.