நீர்க்கட்டியும் 'அகீம்' எனும் சொல்லும்

மகப்பேறு வாய்க்காதவரைக் குறிக்க அரபியில் வழங்கும் சொல் 'அகீம்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. திருக்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயத்து 49, 50ஆம் வசனங்களும் மகப்பேறின்மையைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாகச் சுட்டவில்லை. அல்லாஹ் நாடியோருக்கு என்றே பொதுவாகச் சொல்கின்றன. நம் பேச்சிலோ 'மலடி' புழங்கும் அளவிற்கு 'மலடன்' புழங்குவதில்லை.

செங்கல்பட்டில் என்னிடம் ஓதி, இப்போது மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் ஒருநாள் வந்தார். மணமாகி இரண்டு ஆண்டுகள். "ஹஜ்ரத், ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. அவள் அகீம்தானா?" என்றார். வீட்டில் மறுமணப் பேச்சும் தொடங்கியிருந்தது.

இங்கே பெயரே மயக்கம் தருகிறது. 1935இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டெய்ன், லெவெந்தால் இருவரும் விவரித்த இந்நிலையில் காணப்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல. அவை இருக்குமிடமும் கருப்பை அன்று, சினைப்பை. மாதந்தோறும் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிப்பட வேண்டும். இன்சுலினும் ஆண்மைச் சுரப்புகளும் மிகும்போது முட்டைப் பைகள் பல பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. அவையே ஸ்கேனில் மணிமணியாகத் தெரிகின்றன. ஸ்கேனில் தெரிவதாலேயே நோய் உறுதியாவதில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்மைச் சுரப்பு மிகுதி, சினைப்பையின் இத்தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் வேண்டுமென 2003இல் ராட்டர்டாமில் வல்லுநர்கள் வகுத்தனர். மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இந்நிலை உண்டென்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த மதிப்பீடு.

ஆகவே இங்கு முட்டை இல்லாமற் போகவில்லை. வெளிப்படுவது தாமதமாகிறது அல்லது தவறுகிறது. உடற்பருமன் உள்ளோர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்கு மாதவிலக்கு சீராகிவிடும். அடுத்தது மருந்து. 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் உண்டவருள் 27.5 விழுக்காட்டினரும் பழைய மருந்தான குளோமிபீன் உண்டவருள் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இந்தியாவில் 2011இல் மகப்பேற்றுச் சிகிச்சைக்குத் தடைசெய்யப்பட்ட லெட்ரோசோல், 2017இல் மீண்டும் அனுமதி பெற்றது. இவற்றை மருத்துவர் மேற்பார்வையிலேயே உண்ண வேண்டும்.

இவை பலிக்காதபோதே சோதனைக்குழாய் முறை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, மணவுறவிலுள்ள கணவன் மனைவியின் விந்தும் முட்டையும் சேர்ந்து அம்மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்படுவதைத் தேவையின்போது அனுமதித்தது. மூன்றாமவர் இடம்பெறுவதை விலக்கியது.

கோவளம் தமீம் அன்சாரி (ரலி) தர்காவுக்குப் போய் துஆ செய்துவந்ததாகவும் மாணவர் சொன்னார். துஆ சிகிச்சைக்குத் தடையன்று; நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே.

"உங்கள் விந்துப் பரிசோதனை ஆயிற்றா?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். குறை இருவரில் எவரிடமும் இருக்கலாமென ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தம் 'கானூன்' நூலில் ஆராய்ந்தவர் இப்னு சீனா. 1965 முதல் இயங்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இவ்வூரிலேயே இருக்கிறது. மனைவியோடு சேர்ந்து அங்கே போகவும், பரிசோதனைச் சீட்டைத் தம் பெயருக்கே முதலில் வாங்கவும் சொல்லி அனுப்பினேன்.