இன்சுலின் ஊசியும் தோலடிக் கட்டியும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர் பொழியூர். இத்தகைய ஊர்களில் வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியர், இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம் மருந்தின் அளவை மட்டும் கேட்டுத் திரும்புதல் போதாது. ஊசி குத்தும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தலும் வேண்டும்.

1922-இல் டொராண்டோவில் இன்சுலின் சிகிச்சை தொடங்கிய காலத்தில், தடித்த ஊசியைக் கொதிநீரிலிட்டு, மழுங்கியபோது கல்லில் தீட்டி, மீண்டும் பயன்படுத்தினர். இக்கால ஊசி மிக மெல்லியது, ஒருமுறைக்கென்றே செய்யப்படுவது. பலமுறை குத்தினால் முனை மழுங்கும், வழவழப்புப் பூச்சும் தேயும். செலவுக்கு அஞ்சியே பலர் அதைப் பலநாள் வைத்துக்கொள்கின்றனர். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

பழைய ஊசியை ஒரே இடத்தில் குத்திவரின் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி எழக்கூடும். அங்கே வலி குறைவு. ஆதலின் நோயாளி அவ்விடத்தையே நாடுவார். கட்டியிலிருந்து இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. சர்க்கரை ஏறும், மருந்தின் அளவும் கூட்டப்படும். பின்னர் ஒருநாள் நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். ஆகவே, இடத்தை மாற்றுமுன் அளவைப்பற்றி மருத்துவரைக் கேட்கும்படி ஊழியர் சொல்லுதல் அவசியம். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் விரற்கடை இடைவெளியேனும் இருக்கட்டும்.

கழித்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவிலிட்டு மூடிவைக்க வேண்டும். வெறும் பையில் போட்டால், வீட்டுக் கழிவைப் பிரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் கையில் அது தைக்கும்.