சும்மா நிற்கும் மின்னோட்டம்

பொதட்டூர்பேட்டை தறி ஊர். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் எழும்ப வேண்டுமென்றால், தெருமுனைக் கூட்டமானாலும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி புறப்படும் காவடியானாலும், மைக் செட் இல்லாமல் ஆகாது. வண்டியில் ஒரு பேட்டரி, ஒரு ஆம்ப்ளிஃபையர், மேலே கூம்புக் குழாய். 'பேட்டரியும் நிக்கணும், பேச்சும் தெளிவா விழணும்னா எப்டிண்ணே?' என்று மைக் செட்காரர் கேட்டால் அது வெறும் தொழில் சலிப்பு அல்ல. மின்னணுவியலின் ஒரு மையப் பிரச்சினை. ஒலிபெருக்கியின் அரசியல் பற்றி நாம் நிறையவே பேசியாயிற்று. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபையர் குரலைப் பெருக்குவதில்லை. குரலின் ஏற்ற இறக்கத்துக்கு இணங்க, பேட்டரியின் மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. ஏரி மதகு மாதிரி: திருப்புகிற கைக்கு வலு கொஞ்சம்தான், பாய்கிற தண்ணீர் ஏரியுடையது. அப்படியானால் கேள்வி இது: யாரும் பேசாத நேரத்தில் மதகு எவ்வளவு திறந்திருக்க வேண்டும்?

பாதி திறந்தே இருக்கட்டும் என்பது 'ஏ' வகுப்பு. டிரான்சிஸ்டர் எந்நேரமும் விழித்திருக்கும், ஒலி சுத்தமாக வரும். ஆனால் இதன் எளிய வடிவத்தில் திறன் அதிகபட்சம் 25 சதவீதம். 40 வாட் தர 160 வாட் வாங்கும். பேச்சாளர் சோடா குடிக்கும்போதும் அதே 160. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும்.

'பி' வகுப்பு வேறு வழி. இரண்டு டிரான்சிஸ்டர்கள், அலையின் மேல்பாதி ஒன்றுக்கு, கீழ்ப்பாதி மற்றதற்கு. சிக்னல் இல்லையேல் மின்னோட்டமும் இல்லை. முழுச் சத்தத்தில் திறன் 78.5 சதவீதம் வரை போகும். அதே பேட்டரி கணக்குப்படி ஒன்பது மணி நேரம் தாங்கும். சிக்கனம்தான். ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் சுமார் 0.6 வோல்ட் வந்தால்தான் கண் திறக்கும். 25 வோல்ட் உயரும் கத்தலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய ஒலிக்கோ அதுவே மூடிய வாசல். ஒரு டிரான்சிஸ்டர் தூங்கப்போய் மற்றது எழுவதற்குள் சிறிய ஒலி காணாமல் போகிறது. பேச்சில் உயிரெழுத்துகள் பலமானவை, மெதுவானவை. மெய்யெழுத்துகளில் பலவும் மெலிந்தவை, வேகமானவை. ஆக, முதலில் பலியாவது மெய்.

இதைப் பின்னூட்டத்தால் சரிக்கட்டலாமே என்று தோன்றும். 1927இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் பிளாக் கண்ட வழி அது: வெளியே வந்ததில் ஒரு பங்கை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவது. ஆனால் திருத்துகிறவருக்கு வேகம் வேண்டும். 1968இல் வெளிவந்து ஊர் ஊராகப் பரவிய 741 சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல்கட்டம் தரக்கூடியது ஏறத்தாழ 15 மைக்ரோ ஆம்பியர். அதைக்கொண்டு 30 பிக்கோஃபேரட் மின்தேக்கியை நிரப்ப வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு மைக்ரோ நொடிக்கு அரை வோல்ட். அதற்கு மேல் ஓடாது. மேலும் நூறு மடங்கு பெருக்கச் சொன்னால், 5,000 ஹெர்ட்ஸில் திருத்துவதற்கு அதனிடம் மிச்சமிருப்பது இரண்டு மடங்கு மட்டுமே. மெய்கள் பலவும் வாழும் இடத்திலேயே திருத்தம் மெலிந்துபோகிறது.

வேகம் கூட வேண்டுமா? மின்தேக்கியைச் சிறிதாக்கலாம்; எல்லை மீறினால் சுற்று தானாகவே ஊளையிடும். அல்லது முதல்கட்டத்தில் நிற்கும் மின்னோட்டத்தைக் கூட்டலாம், பேட்டரி இறங்கும். ஆக வேகம் என்பது காத்திருப்பதற்குக் கொடுக்கும் கூலி.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பல வழிகள் வந்தன. 'ஏபி' வகுப்பு இரு டிரான்சிஸ்டர்களையும் அரைத்தூக்கத்தில் வைக்கிறது: கொஞ்சம் செலவு, வாசல் திறந்தே இருக்கும். 1982இல் எரிக் விட்டோஸ் உள்ளிட்ட நால்வர் எழுதிய கட்டுரை இன்னொன்றைக் காட்டியது: சிக்னல் எகிறும்போது மட்டும் சுற்றே தன் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும், அடங்கியதும் குறைத்துக்கொள்ளும். இன்றைய 'டி' வகுப்பு நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடி, 90 சதவீதத்தையும் எட்டுகிறது. அங்கும் இரண்டு சுவிட்சுகளும் மூடியிருக்கும் ஒரு கணம் உண்டு. நீண்டால் ஒலி கெடும், இல்லாமலே போனால் இரண்டும் ஒருசேரத் திறந்து சுவிட்ச் கருகும். பழைய கேள்விதான், நானோ நொடியில் திரும்பி வந்திருக்கிறது.

'திறன்' என்பது நடுநிலையான எண் அல்ல என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. முழுச் சத்தத்தை வைத்து அளந்தால் 'பி' வகுப்பு கெட்டிக்காரன். மெல்லிய குரலை வைத்து அளந்தால் செவிடன். எதை வைத்து அளப்பது என்று இயற்கை முடிவு செய்வதில்லை, வடிவமைப்பவர் செய்கிறார்.

தறியிலும் இதே கணக்குதான். நெய்த துணிக்குத்தான் கூலி. பாவு வராமல், கரண்ட் இல்லாமல் தறி நிற்கும் நேரத்துக்குக் கிடையாது. நோட்டில் அது சிக்கனம். சுற்றில் காத்திருப்புக்குக் கொடுக்காத கூலி ஒலிச் சிதைவாக வெளியே வந்துவிடும், காது பிடித்துவிடும். ஊரில் அது வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போகிறது. அதைப் பிடிக்கும் பின்னூட்டம் எது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.