தேனீக் கூட்டின் உஷ்ணமும் பெட்டி வைக்கும் இடமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் தேனீப் பெட்டியைத் திறந்து பார்க்கும் குடியானவர்களிற் சிலர், அடைகள் வெறுமையாகக் கிடக்க, ஈக்கள் கூண்டோடு ஓடிப்போயிருப்பதைக் கண்டு வருந்துவதுண்டு. ராணி ஈயின் மேல் பழி போடுவது வழக்கம். பல சமயங்களில் காரணம் பெட்டி வைத்த இடமேயாகும்.

தனித்த ஈ சுற்றுப்புறச் சீதோஷ்ணத்திற்குக் கட்டுப்பட்டதே. ஆயின் கூட்டமாக வாழுங்கால், முட்டையும் புழுவும் வளரும் அடைப் பாகத்தை 33 முதல் 36 டிகிரி சென்டிகிரேடு அளவில் இரவும் பகலும் காத்து வருகின்றன. மூடிய அறைகளிலுள்ள கூட்டுப்புழுக்கள் நெடுநேரம் குளிர்ந்துவிட்டால், சிறகு சுருங்கிய ஈக்களே வெளிவரும். சில மடிந்தும் போகும்.

குளிர் காலத்தில் ஈ உஷ்ணம் உண்டாக்கும் விதம் வியக்கத்தக்கது. சிறகு அசையாதபடி, பறப்பதற்குரிய மார்புத் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து, மார்பை 40 டிகிரிக்கு மேலும் சூடேற்றிக்கொள்ளும். பின் அம்மார்பை மூடிய அறையின் மேல் அழுத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பவர் உறங்குகிறதென்றே எண்ணுவர். இடையிலுள்ள காலி அறைகளுள் தலையை நுழைத்துப் புகுந்து, சுற்றியுள்ள கூட்டுப்புழுக்களுக்குச் சூடு கொடுப்பனவும் உண்டு என்பதை 2003-ல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி காட்டிற்று. இவ்வடுப்புக்கு விறகு தேனேயாம். அடையிலுள்ள தேனை முழுதும் எடுத்துவிட்டு, அடைமழையில் ஈ மடிந்ததென்று முறையிடுவதிற் பயனில்லை.

வேனிலில் வேலை வேறு. ஈக்கள் நீர் கொணர்ந்து அறைகளின் விளிம்பிற் பூசி, வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசும். ஐரோப்பிய ஈ தலையைக் கூட்டின் பக்கம் வைத்து உட்காற்றை வெளியே இழுக்கும். நமது அடுக்குத் தேனீயோ வெளிநோக்கி நின்று புறக்காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியில் ஸலெர்னோ அருகே, கொதிக்கும் எரிமலைப் பாறை வெளியில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி வைத்த பெட்டியில், தண்ணீர் கிடைத்தவரை உட்பாகம் சுமார் 35 டிகிரியிலேயே நின்றது.

ஆனால் நீர் சுமக்கும் ஈ அவ்வேளையில் தேன் சுமப்பதில்லை. வெயிலில் வைத்த பெட்டி உடையவனுக்கு நஷ்டமே. கிணற்றடியில் ஈ மொய்க்கிறதென்று கிராம அதிகாரிகளிடம் புகார் வருவதும் இதனாலேயே. மருந்து தெளித்த வயல் நீரைக் குடித்து மடிவனவும் உண்டு.

காலை வெயில் பட்டு, உச்சிப்பொழுதில் மா, புளி முதலியவற்றின் நிழல் விழும் இடமே தக்கது. மரமில்லாவிடில் மூடியின் மேல் வைக்கோலோ தென்னங்கீற்றோ பரப்புக. அருகில் ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, ஈக்கள் மூழ்காதபடி கூழாங்கற்கள் இடுக. தட்டு ஒரு நாளும் வறளலாகாது. உச்சி வெயிலிலும் குளிர்ந்த தூறலிலும் பெட்டியைத் திறத்தல் கூடாது.

பெட்டியை வேறிடம் கொண்டுபோவோர் அந்தி சாய்ந்து ஈக்கள் யாவும் அடங்கிய பின்னரே வாசலை அடைக்க வேண்டும். காற்றுப் புகும்படி கம்பி வலையால் அடைத்தல் நன்று. பகலில் இறுக அடைத்துவிட்டால், கலங்கிய ஈக்களின் சூட்டாலேயே அடை இளகிச் சரிந்து, சிறிது நேரத்திற்குள் கூட்டம் முழுதும் மாண்டுவிடும்.