நூலுக்குப் பெயரிடுதல்

சில ஆண்டுகளுக்கு முன், தலைநகரில் நம் குடியிருப்பில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், தம் பேரனைப் படிப்பகத்திற்கு அனுப்பிப் பாரதக் கதை ஏதேனும் வாங்கி வரச் சொன்னார். பையன் கொண்டுவந்த நூல் 'பதேர் பாஞ்சாலி'. பாட்டியம்மாள் அதை ஒரு வாரம் படித்தார். அத்தினாபுரம் வரவில்லை, சூதாட்டம் வரவில்லை. வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் ஏழை அந்தணர் வீடும், அவ்வீட்டுச் சிறுமி துர்க்காவும், அவள் தம்பி அபுவுமே வந்தார்கள். துர்க்கா காய்ச்சலில் மாண்டுபோகும் பக்கத்தில் பாட்டி கண்ணீர் விட்டார் என்று பேரன் சொன்னான். ஆயினும் நூலைத் திருப்பித் தருகையில் அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "எல்லாம் நன்றாயிருக்கிறது தம்பி, பாஞ்சாலி எங்கே?"

கேள்வி நியாயமானதே. 1929இல் விபூதிபூஷண் வந்தோபாத்யாயர் இந்நாவலை நூலாக வெளியிட்டபோது, வங்காளிகளுக்கு அப்பெயரில் குழப்பம் ஏதும் இருந்திராது. அவர்கள் மொழியில் 'பாஞ்சாலி' என்பது தெய்வத்தின் பெருமையைக் கதையாகப் பாடும் ஒருவகை நாட்டுப் பாட்டு. 'பத்' என்றால் வழி. ஆகவே, வழிநடைப் பாட்டு என்று பொருள் கொள்ளலாம். நமக்கோ பாஞ்சாலி என்றால் துரௌபதி ஒருத்தியே. 1912இல் பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' வெளிவந்த பின் வேறு எண்ணம் தோன்ற வழியேது? மூலத்தின் பெயரை அப்படியே காப்பதுதான் நேர்மை என்று மொழிபெயர்ப்பாளர் கருதுவதில் குற்றமில்லை. ஆனால் எழுத்து மாறாத பெயரும் எல்லை தாண்டும்போது பொருள் மாறிவிடுகிறது. பாட்டியம்மாள் கெட்டிக்காரர், விடாமல் படித்தார். பாஞ்சாலியைக் காணோம் என்று பத்தாம் பக்கத்திலேயே மூடிவைத்தவர்கள் எத்தனை பேரோ!

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்த இடர்ப்பாடு நன்கு பழகியதாகவே இருக்கும். வடமொழிச் சொல் ஒன்று ஹிந்தியில் ஒரு வழியாகவும் தமிழில் வேறு வழியாகவும் நடந்து, இன்று ஒன்றையொன்று அடையாளம் காணாமல் நிற்கிறது. அங்கே 'சிக்ஷா' என்பது கல்வி; இங்கே சிட்சை என்பது தண்டனை. (பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டும் ஒன்றே என்பார்கள்.) அங்கே 'சேஷ்டா' முயற்சி; இங்கே சேஷ்டை குறும்பு. 'உபன்யாஸ்' என்றால் ஹிந்தியிலும் வங்காளியிலும் நாவல். நாமோ உபந்யாசம் கேட்கக் கோயில் மண்டபத்திற்குப் போவோம். 'சமாஜ் கல்யாண்' என்னும் தொடர் சமூக நலத்தைக் குறிப்பது. அதை எழுத்து மாற்றி மட்டும் தமிழில் வைத்தால், ஊரார் அனைவருக்கும் ஒரே நாளில் திருமணம் என்றே படிப்பவர் எண்ணுவார். பொது அகராதி இங்கே உதவாது. இரண்டு மொழிகளிலும் வீட்டுப் பேச்சை அறிந்தவரே இந்தக் கண்ணிகளைக் கண்டுகொள்வார்.

சில வேளைகளில் இத்தகைய விபத்து நன்மையாகவும் முடிகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதிய 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் அதே பெயரோடு வந்தது. மலையாளத்தில் செம்மீன் என்பது நாம் இறால் என்று வழங்கும் சிற்றுயிர். 'இறால்' என்று தமிழ் நூலுக்குப் பெயரிட்டிருந்தால் பொருள் பிழையாகாது. ஆனால் கடலைவிடச் சமையலறையே நம் நினைவுக்கு முதலில் வந்திருக்கும். செம்மீன் என்னும்போதோ, கடற்கரையும் செந்நிறமும் ஒருங்கே தோன்றுகின்றன. மேலும், பழந்தமிழில் மீன் என்பது விண்மீனையும் குறிக்கும். நடுக்கடலில் படகின் விளக்கு மினுங்குவதுபோல் வானில் செம்மீன் இமைப்பதாகப் புறநானூறு காட்டுகிறது. கணவன் கடலில் இருக்கையில் கரையில் இருக்கும் மனைவியின் கற்பே அவனைக் காக்கும் என்ற நம்பிக்கையின்மீது எழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான நிழல் வேறு வேண்டுமா? மூல ஆசிரியர் இதை எண்ணியிருக்க மாட்டார். எண்ணாமல் கிடைத்ததை இழக்காமல் வைத்துக்கொண்டது தமிழாக்கத்தின் பேறு.

மூலத்தின் பெயரை விட்டு விலகிச் சிறந்தவையும் உண்டு. அதே விபூதிபூஷணரின் 'ஆரண்யக்' த. நா. சேனாபதியின் கையில் 'வனவாசி' ஆயிற்று. ஆரண்யகம் என்றால் நமக்கு வேதத்தின் ஒரு பகுதி நினைவுக்கு வந்திருக்கும். வனவாசி என்றதும், நகரத்து மனிதன் ஒருவன் காட்டிலே போய் வாழ்கிறான் என்பது எவருக்கும் விளங்கிவிடுகிறது.

இனி, தமிழிலிருந்து வெளியே போகும் நூல்களைப் பார்ப்போம். இங்கேதான் நமக்கு மனக்குறை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. இரண்டே சொற்கள், குழந்தைகூடச் சொல்லும் வாக்கியம். வந்தார் என்று இல்லை, வந்தாள் என்று இருப்பதைக் கவனியுங்கள். தாயை ஒருமையில் சொல்லும் உரிமையும் நெருக்கமும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்டு. வேதம் படித்துவிட்டு வீடு திரும்பும் மகன் அப்பு, தன் தாயின் வாழ்வில் மறைந்திருந்ததை அறிகிறான். அவள் செய்தது என்ன, அதை எப்படி எடைபோடுவது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பெயரும் சொல்லவில்லை. 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கோ 'அப்புவின் தாய் செய்த பாவங்கள்' என்று பொருள்படும் பெயர் வாய்த்தது. ஆசிரியர் நாவல் முழுதும் எழுத மறுத்த தீர்ப்பு மேலட்டையிலேயே அச்சாகிவிட்டது! கடைக்காரர் கண்ணுக்கு அது கவர்ச்சியாகத் தோன்றியிருக்கலாம். தமிழ் தெரியாத அண்டை வீட்டாருக்கு அந்நூலைக் கொடுக்கும்போது, முதலில் பெயரை மறந்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கவர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' என்னும் பெயரைப் பாருங்கள். கதையில் நாம் முதலில் பின்தொடர்வது வந்தியத்தேவனின் குதிரையை. பெயருக்கு உரிய அருள்மொழிவர்மனோ முதல் பாகம் முடிந்த பின்னரே நேரில் வருகிறான். அதுவரை வாசகரைக் காக்க வைப்பது அந்தப் பெயர்தான். காவிரி என்று சொல்லாமல் பொன்னி என்றதிலும் ஒரு வாஞ்சை இருக்கிறது. பிறமொழியில் எவ்வாறு பெயர்த்தாலும் அது கிட்டாது. ஆகவே இவ்விடத்தில் மூலப்பெயரைக் காப்பதே முறை. பாஞ்சாலிக்கு ஒரு நீதி, பொன்னிக்கு ஒரு நீதியா என்று கேட்கலாம். ஆம், அப்படித்தான். கேட்பவர் காதில் தவறான பொருள் எழுமானால் மாற்றுக. பொருளே எழாமல் ஒலி மட்டும் இனிதாக நின்றால் விட்டுவிடுக.

முதற்காலத்து நாவல்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் பெயர், யாருடைய கதை என்பதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ராஜம் ஐயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று இரண்டு பெயர்களை ஒன்றாய்க் கட்டினார். மக்கள் நினைவில் நின்றது பின்பாதி மட்டுமே. ஜெயகாந்தன், 'காலங்கள் மாறும்' என்று இதழில் தொடராக வந்ததை, 1970இல் நூலாக்கியபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆக்கினார். முன்னது மேடையிலே யாரும் சொல்லக்கூடியது. பின்னது வாக்கியம் முடியாமல் நின்று, அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தூண்டுகிறது.

நாமும் இவ்வகையில் ஒரு பிழை செய்திருக்கிறோம். அது நாவல் அன்று. தாய்மார்களுக்கான சிறு வெளியீடு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று கூறுவது. மூலத்தின் கம்பீரம் குறையக் கூடாதென்று 'சிசு நீரிழப்பு நிவாரண விளக்கம்' என்று பெயர் சூட்டினோம். ஓராண்டு சென்று ஒரு மருந்தகத்தில் பார்க்கையில், கட்டுப் பிரியாமல் அலமாரியின்மேல் கிடந்தது. அங்கிருந்த செவிலித்தாய், "யாரும் எடுப்பதில்லை சார், சர்க்காருக்கு என்று நினைக்கிறார்கள்" என்றார். மறு அச்சில் 'குழந்தைக்கு வயிற்றுப்போக்கா?' என்று மாற்றினோம். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. இம்முறை பிரதிகள் அவ்வாறு தங்கவில்லை. அந்த ஓராண்டில் எடுக்கப்படாத பிரதிகளை எண்ணிப் பார்க்கும்போது இன்றும் நமக்கு உறுத்துகிறது.

நல்ல பெயராகத் தோன்றியதை முன்னரே ஒருவர் வைத்துவிட்டாரே என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லையென 2015இல் உச்ச நீதிமன்றம், ஒரு திரைப்படப் பெயர் பற்றிய வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் புகழ்பெற்ற நூலின் பெயரை மீண்டும் சூட்டுவதால் வாசகர் ஏமாறுவதைத் தவிர நன்மை ஒன்றுமில்லை. வைத்த பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லி, மறு அறையில் இருப்பவரை எழுதச் சொல்லிப் பாருங்கள். வலியா வழியா என்று அவர் திரும்பக் கேட்டால் வேறு பெயர் தேடுவது நலம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளை எழுதச் சொன்னால் சோதனை இன்னும் கடுமையாகும்.

பாட்டியம்மாளுக்கு அதன்பின் பிரேம்சந்தின் 'கோதான்' தமிழாக்கத்தைக் கொடுத்தோம். 1936இல் வந்த நாவல். பசுவைத் தானம் செய்யும் சடங்கு அவருக்கு நாம் விளக்க வேண்டாதது. ஒரு பசு வாங்க வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் ஏங்கும் குடியானவன் ஹோரியின் கதை அது. அட்டையைப் பார்த்ததும், "யார் யாருக்குப் பசு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தோம்.