டியூப் லைட் வளர்த்த கத்தரிக்காய்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்குள் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது?

"இதென்ன கேள்வி?" என்று சிரிக்காதீர்கள். பட்டணத்து மாடிக் குடியிருப்புகளில் இருக்கும் எத்தனையோ பேர், "வருவதே இல்லை" என்றுதான் பதில் சொல்வார்கள். சென்னையில் என் வீடும் அப்படித்தான். இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, எதிரே கை நீட்டினால் தொடலாம் போல அடுத்த கட்டடத்துச் சுவர். துணி உலர்வதே பெரும்பாடு! அந்த வீட்டில் கத்தரி நாற்று வளர்க்கப் போகிறேன் என்றபோது, குழந்தைகள் உள்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால், என்னிடம் இருந்தது கடையில் வாங்கிய விதை அல்ல. எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில், செந்துறைப் பக்கம். அம்மா கொல்லையில் வருஷா வருஷம் ஒரு கத்தரி போடுவாள். நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, அது மஞ்சளாய்ப் பழுத்த பிறகு விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, பழந்துணியில் முடிந்து வைப்பாள். அம்மா போன பிறகு கொல்லையும் தரிசாயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு முடிச்சு. அவிழ்த்து எண்ணினேன்: அறுபது விதை. கத்தரி விதை நாலைந்து வருஷத்துக்கு மேல் தாங்காது. முளைக்காவிட்டால் அந்தக் கத்தரியின் வம்சமே அதோடு முடிந்தது!

மொட்டை மாடியில் போட்டிருக்கலாமே என்பீர்கள். ஆடிப் பட்டத்தில் நட வேண்டுமானால், ஆனி மாதத் தொடக்கத்திலேயே விதைக்க வேண்டும். அப்போது மாடித் தளம் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது. ஒருவேளை தண்ணீர் தவறினால் பொடி நாற்று கருகிவிடும். ஆகவே முப்பது விதையை வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் போட்டேன்.

ஏழாம் நாள் முளைத்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை! பத்தாம் நாள் பார்த்தால், அத்தனையும் நூல் நூலாய் நீண்டு, வெளிறிப்போய், ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டே நாளில் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. முப்பதும் போயிற்று.

தவறு எங்கே என்று யோசித்தபோது முளைப்பாரிதான் நினைவுக்கு வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், ஓட்டில் எருவும் மண்ணும் இட்டு நவதானியம் தூவி, வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்போமே! எட்டு, ஒன்பது நாளில் தங்க நிறத்தில் முழ உயரம் எழும்பி நிற்கும். பார்க்க என்ன அழகு! ஆனால், அந்தத் தங்க நிறத்துக்குக் காரணம் பட்டினிதான். வெளிச்சம் காணாத முளை, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே எண்ணி மேலே மேலே நீளுகிறது. விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான் அதற்கு ஆகாரம். அது தீர்ந்ததும் துவண்டுவிடும். முளைப்பாரியை அதற்குள் தலையில் சுமந்துபோய் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுகிறோம், கவலையில்லை. காய்க்க வேண்டிய கத்தரிக்கு அது போதுமா?

ஆக, முளைக்கும் வரைதான் இருட்டு. முளைத்த அன்றைக்கே வெளிச்சம் வேண்டும். இதுதான் சூட்சுமம்.

"என் வீட்டுக் கூடம் வெளிச்சமாய்த்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். அது நம் கண் செய்கிற மாயம். நடுப்பகல் வெயில், விளக்குப் போட்ட கூடத்தைவிடப் பல நூறு மடங்கு பிரகாசம். கூரையில் எரிகிற விளக்கு நாற்றுக்குப் போய்ச் சேருவதே இல்லை. விளக்கை நாற்றின் தலைக்கு மேலேயே கொண்டுவந்தால்தான் பலன்.

மின்சார வெளிச்சத்தில் செடி வளர்ப்பது புதிதும் அல்ல. இங்கிலாந்தில் வில்லியம் ஸீமென்ஸ் என்ற விஞ்ஞானி 1880-லேயே, தம் வீட்டுத் தோட்டத்தில் இரவெல்லாம் மின்சார வில்விளக்கை எரியவிட்டுச் செடி வளர்த்துக் காட்டினார். இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவர்கள், வெளியே பனி கொட்டும் மார்ச் மாதத்திலேயே, வீட்டுக்குள் விளக்கைப் போட்டு மிளகாய், கத்தரி நாற்று விடுகிறார்கள். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்தக் கண்டுபிடிப்பின் தயவில்தான் நம் வீட்டிலும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிகிறது. செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் அந்த வெள்ளையிலேயே கலந்திருக்கின்றன. தனி விளக்கு தேட வேண்டாம்.

மிச்சமிருந்த முப்பது விதையை நான் வளர்த்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மண்: தேங்காய் நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தேன். நாற்றங்கால் குழித்தட்டு கடைகளில் கிடைக்கிறது. இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையே போதும்.

விதைப்பு: ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா தூளில் விதையைப் புரட்டி, கால் அங்குல ஆழத்தில் குழிக்கு ஒன்றாக வைத்தேன். நாற்றழுகல் வராமல் காக்கும் நல்ல பூஞ்சை இது. பிறகு தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி, அடுக்களை மூலையில் வைத்தேன். தினம் காலையும் மாலையும் திறந்து பார்க்க மறக்கக் கூடாது. முதல் முளை தலை காட்டியதும் மூடியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கழுத்து நீண்டுவிடும்.

விளக்கு: பழைய புத்தக அலமாரியின் தட்டுக்கு அடியில் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றை மாட்டச் சொன்னேன். நாற்றுக்கும் விளக்குக்கும் இடையே நான்கு விரற்கடை. நாற்று உயர உயரத் தட்டைக் கீழே இறக்கினேன். காலை 6 மணிக்குப் போட்டு இரவு 10 மணிக்கு அணைத்தேன். விடிய விடிய எரியவிட்டால் சீக்கிரம் வளரும் என்று எண்ணாதீர்கள். ஓயாத வெளிச்சத்தில் கத்தரியும் தக்காளியும் இலை வெளுத்துக் கெட்டுப்போகும். செடிக்கும் ராத்திரி வேண்டும்!

"கரண்டு பில்?" என்றார் வீட்டுக்காரர். கணக்குப் போட்டுக் காட்டினேன்: மாதம் முழுவதும் எரிந்தாலும் 10 யூனிட்டுக்குள்தான். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீரும் காற்றும்: காலையில் மட்டும் தட்டின் அடியில் தண்ணீர் ஊற்றி, குடித்தது போக மீதியை வடித்துவிட்டேன். தினம் சிறிது நேரம் மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டேன். காற்றில் ஆடிய தண்டுதான் உறுதிப்படும்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நாற்றின் அருமை நன்றாகத் தெரியும். பெரம்பலூர் சின்ன வெங்காயம் பேர்பெற்றது அல்லவா? பெரும்பாலும் காயையே விதையாக ஊன்றுவார்கள். ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ வேண்டும். வெங்காயம் விலை ஏறிய வருஷத்தில் விதைக்கே கையிருப்பெல்லாம் போய்விடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 ரகத்தை விதையிலிருந்தே நாற்று விடலாம். இரண்டரைக் கிலோ போதும். ஆனால், ஒன்றரை மாதம் நாற்றைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். யோசனை கேட்க வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன.

தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30-லிருந்து 35 நாளிலும், மிளகாயை 40 நாள் அளவிலும் எடுத்து நடலாம். வெண்டை, அவரை, பாகல், புடலைக்கு இந்தச் சீராட்டெல்லாம் வேண்டாம். தொட்டியிலேயே நேராக ஊன்றிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: டியூப் லைட் செவிலித்தாய்தான், பெற்ற தாய் சூரியன்தான். பூவும் காயும் வேண்டுமானால் கடைசியில் வெயிலுக்குத்தான் போக வேண்டும். அதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்கி, மாலையில்தான் நட வேண்டும்.

என் முப்பது விதையில் முளைத்தவை பதினொன்று. மொட்டை மாடித் தொட்டிக்குப் போனவை ஒன்பது. தீபாவளிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சிரித்தவர்கள்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்!

ஒரு செடியில் மட்டும் ஒரு காயை யாரையும் தொடவிடவில்லை. அது மஞ்சளாய்ப் பழுத்ததும், அம்மா செய்தது போலவே விதை எடுத்துச் சாம்பலில் புரட்டினேன். இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. மற்றொன்றைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணியிடம் கொடுத்தேன்.

அண்ணி பிரித்துப் பார்த்துவிட்டு, "அத்தை கத்தரியா?" என்றாள். நான் தலையசைத்தேன். மறு வார்த்தை பேசாமல், தரிசாய்க் கிடந்த கொல்லையைக் கொத்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு முடிச்சு கிடக்கலாம், சகோதரிகளே. தேடிப் பாருங்கள். அகப்பட்டால், அத்தனை விதையையும் ஒரே தடவையில் போட்டுவிடாதீர்கள். பாதியை மட்டும் போட்டுப் பாருங்கள்!