வெந்நீர் அடுப்பு புகைகிறதா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் மனைவியை என்னிடம் அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாயிற்று, காசநோய் இல்லை. ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் கொடுத்தேன். குறைந்தது. மருந்தை நிறுத்தினதும் திரும்பி வந்துவிட்டது.

"வீட்டில் விறகு அடுப்பு உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"சமையல் எல்லாம் கேஸ்லதான் ஐயா. குளிக்க வெந்நீர் மட்டும் பின்கட்டுல போடுவேன். தென்னை மட்டை சும்மாதானே கிடக்கு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். குளியலறையை ஒட்டிச் செங்கல் அடுப்பு, அதன்மேல் தாமிரத் தவலை. சுவரெல்லாம் கரி. நீர் சுட ஒரு மணி நேரம். அந்த அம்மா ஊதாங்குழலும் கையுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மருந்து காய்ச்சுகிற எங்களுக்குத் தீயே ஒரு பாடம். தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று அளவு பார்த்துத்தான் எரிப்போம். புகை என்பது வேறொன்றுமில்லை, எரியாமல் தப்பிப் போகிற விறகுதான். சூடு பட்டதும் விறகிலிருந்து ஆவி கிளம்புகிறது. போதிய காற்றும் சூடும் கிடைத்தால் அது சுவாலையாக எரியும். கிடைக்காவிட்டால் கரியாகத் தவலையிலும், நஞ்சாக நம் நெஞ்சிலும் போய்ப் படியும். ஆக, விறகு மிச்சமும் நுரையீரல் பாதுகாப்பும் ஒரே வேலைதான்.

முதலில் விறகு. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீயில் ஒரு பங்கு செலவாகிவிடும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, மழை படாத இடத்தில் ஆறு மாதம் காய வையுங்கள்.

அடுத்தது காற்று. அந்த வீட்டு அடுப்பில் விறகு சாம்பல்மேல் படுத்துக் கிடந்தது. அடியில் காற்று போக வழியே இல்லை, பிறகு ஊதாமல் என்ன செய்வது? கொத்தனாரை வைத்து உள்ளே இரும்புக் கம்பித் தட்டு பதிக்கச் சொன்னேன். சாம்பல் கீழே விழும், காற்று மேலே ஏறும். தவலையைச் சுற்றிச் சுவரை உயர்த்தி, சுண்டுவிரல் அகலத்துக்கு மட்டும் இடைவெளி விட்டோம். அனல் தவலையின் பக்கங்களையும் தடவிவிட்டுப் பிறகுதான் புகைபோக்கிக்குப் போகும். புகைபோக்கி கூரையைத் தாண்டி உயர வேண்டும். மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும்.

சுவர் தடிமனாக இருந்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். ரஷ்யாவிலும் பின்லாந்திலும் வீட்டுக்குள் பெரிய செங்கல் கணப்பு கட்டுவார்கள். சிறிது நேரம் எரித்தால் செங்கல் சூட்டை உறிஞ்சி வைத்து இரவெல்லாம் அறையைக் கதகதப்பாக்கும். நமக்கு வேண்டியது தண்ணீர்ச் சூடு, சுவர்ச் சூடு அல்ல! ஆகவே உள்வரிசைச் செங்கலுக்குப் பின்னால் உமிச் சாம்பல் நிரப்பினோம்.

ஒரு எச்சரிக்கை. சூடு வீணாகிறதே என்று, கங்கு கனன்றுகொண்டிருக்கும்போது புகைபோக்கியை அடைத்துவிடாதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. குளியலறைக்குள் அடுப்பு வாய் இருந்தால் அதை வெளிப்பக்கம் மாற்றிவிடுங்கள்.

இப்போது அந்த வீட்டில் நீர் சுட அரை மணி நேரம் ஆகிறது. மருந்து நிறுத்தி இரண்டு மாதமாயிற்று, இருமல் வரவில்லை. ஊதாங்குழலை அந்த அம்மா பரணில் போட்டுவிட்டாராம்.